கடைசி வீட்டுக் குழாய்

இப்படி நெருங்கி உக்காரு தாயி. என் மேல முட்டினா நான் ஒண்ணும் கரைஞ்சு போயிரமாட்டேன். இந்த பஸ்ஸு போடுற சத்தத்துல தள்ளி உக்காந்தா நான் சொல்றது உனக்குக் கேக்காது, நீ சும்மா தலையாட்டிக்கிட்டு வருவ. தலையாட்டுறவங்களை எனக்குப் பிடிக்காது. அதுக்குன்னே சம்பளம் வாங்குற ஆளுகளை நெறயப் பாத்துட்டேன்.

கழுத்துல அட்டை தொங்குதே, கலெக்டர் ஆபீசுக்கா? நானும் அங்கதான். திங்கக்கிழமை மனு நாளு. மழையோ வெயிலோ, இந்த முத்துராக்கு போகாம அங்க மனு நாள் நடந்ததில்ல. வாசல்ல நிக்கிற போலீஸ்காரப் பையன், "வாங்க பாட்டி, இந்த வாரம் என்ன?"ன்னு கேப்பான். பாட்டியாம். நான் என்ன அவனுக்குச் சங்குல பால் ஊத்தினேனா? ஆனாலும் எந்திரிச்சு வழி விடுவான். அந்தப் பயம் இருக்கணும்ல.

எங்க ஊரு சிறுவண்டூரு. நீ கேள்விப்பட்டிருப்ப. முன்மாதிரி ஊராட்சின்னு பேப்பர்ல போட்டாங்க. அந்த வண்டவாளம் பூரா எனக்குத் தெரியும். யாருகிட்டயாவது சொல்லணும்னுதான் பஸ்ஸுல ஆள் தேடிக்கிட்டு இருந்தேன்.

எங்க ஊருக் கிணத்துத் தண்ணி வாயில வைக்க முடியாது. கடல்ல விழுந்து எந்திரிச்ச மாதிரி இருக்கும். குடிக்கணும்னா ஆத்து மணல்ல ஊத்துத் தோண்டணும். ஒருத்தி குழிக்குள்ள எறங்கி, தண்ணி கசியக் கசியச் சிரட்டையால மோந்து ஊத்துவா. ஒரு குடம் நிறையிறதுக்குள்ள மேல நிக்கிறவ மாமியார் கதை, நாத்தனார் கதையெல்லாம் சொல்லி முடிச்சிருவா. அப்படித்தான் நான் வாக்கப்பட்டு வந்த நாள்ல இருந்து.

அப்பறம் கூட்டுக் குடிநீருன்னு சொல்லிக்கிட்டு வந்தாங்க. தெருவைத் தோண்டினாங்க, குழாயைப் பதிச்சாங்க, வீட்டுக்கு வீடு வாசல்ல ஒரு குழாயை நட்டாங்க. நட்ட அன்னைக்கு எங்களைக் குடத்தோட நிக்கவச்சுப் போட்டோ எடுத்தாங்க. "குடத்தைச் சாய்க்காதீங்கம்மா, உள்ள ஒண்ணுமில்லன்னு தெரிஞ்சிரும்"னான் போட்டோ எடுக்க வந்தவன். அதோட சரி. அதுக்கப்பறம் திருகினா காத்துதான் வரும். வெயில் காலத்துல அதுவும் சூடா வரும்.

ஏன் வரலைங்கிறியா? மெயின் ரோட்டுல இருந்து எங்க ஊருக்குத் திரும்புற விலக்குல ஒரு வால்வு இருக்கு. திறந்தா எங்களுக்கு வரும். மூடினா செங்கச் சூளைக்குப் போகும். சூளை யாருதுன்னு கேக்காத, நீ அட்டை போட்ட பிள்ளை, உனக்கு எதுக்கு வம்பு. வெள்ளை வேட்டிக்காரர்னு மட்டும் வச்சுக்க. அது மூடியேதான் கெடந்துச்சு. ஊருக்கே தெரியும். தெரிஞ்சு என்ன? ஊத்துக் குழியில நின்னுக்கிட்டுப் பேசுவாளுக. மேல ஏறி வந்துட்டா வாயை மூடிக்கிருவாளுக. கேக்கத் துணிஞ்சவ நான் ஒருத்திதான்.

அப்ப யூனியன் ஆபீசுல பி.டி.ஓ.வா இருந்தவரு கோதண்டபாணி. வட்டார வளர்ச்சி அலுவலர். வட்டாரத்துல வளந்தது அவரு வயிறு ஒண்ணுதான். நான் போய் நின்னேன்னு வையி, எழுதிக்கிட்டிருக்கிற பேனாவை மூடி வச்சிட்டு, "சொல்லுங்கம்மா"ம்பாரு. மூடின பேனாகிட்ட என்னத்தைச் சொல்றது? சொல்லி முடிச்சதும் "பரிசீலனையில இருக்கு"ம்பாரு. பரிசீலனைங்கிறது என்ன தாயி, நீ படிச்சவ, அது ஒரு இடமா? அங்க போனது எதுவும் திரும்பி வரல, அதான் கேக்கேன்.

இனி பஞ்சவர்ணத்தைப் பத்திச் சொல்றேன், கேட்டுக்க. அவ என் ஓரகத்தி. என் கொழுந்தன் பெண்டாட்டி. நடுவுல ஒரே சுவரு, இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவ. பேசினா வாயில வெல்லக்கட்டியை ஒதுக்கி வச்சுக்கிட்டுப் பேசுற மாதிரி இருக்கும். மகளிர் குழுவுக்குத் தலைவி வேற. ஆனா ஒரு மனு, ஒரே ஒரு மனு, அவ கையால குடுத்ததில்ல. கேட்டா, "அதான் நீங்க போறீங்களேக்கா"ம்பா.

ஒரு தடவை மாவட்டத்துல இருந்து பெரிய அதிகாரி குழாயைப் பாக்க வர்றாருன்னு சேதி வந்துச்சு. விடியுறதுக்குள்ள டேங்கர் லாரிக வந்து நிக்குது. மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணி ஏத்துறானுக. டேங்க் ஆப்பரேட்டர் தங்கச்சாமி கைலியை மடிச்சுக் கட்டிக்கிட்டு அங்கயும் இங்கயும் ஓடுறான். அவன் அப்படி ஓடி அன்னைக்குத்தான் பாத்தேன். கார் வந்துச்சு. குழாயைத் திருகினாங்க. தண்ணி கொட்டுது.

"தினமும் வருதாம்மா?"ன்னு கேக்குறாரு அந்த அதிகாரி. நான் வாயைத் திறக்குறதுக்குள்ள இவ முந்திக்கிட்டா. "அய்யா மாதிரி பெரியவங்க வந்து பாக்குறப்ப வராம இருக்குமா? நீங்க அடிக்கடி வரணும்யா"ங்கிறா. அவருக்கு ஒரே சந்தோசம். நம்ம பி.டி.ஓ.வுக்கு அதுக்கு மேல. எனக்கு உச்சியில இருந்து பத்திக்கிட்டு வருது. ஒத்தச் சொல்லு உண்மையைச் சொல்லியிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும்.

கார் போனப்பறம் தொட்டியில மிச்சம் இருந்ததைத் தெரு பூரா பிடிச்சாங்க. நானும் பிடிச்சேன். பிடிக்காம? அண்டா, தவலை, உரல் குழி எல்லாத்துலயும் பிடிச்சேன். ஆனா அவளைத் திட்டிக்கிட்டேதான் பிடிச்சேன்.

அதுல இருந்து இவளுக்கு இதே பொழைப்பாப் போச்சு. பி.டி.ஓ.வைப் பாத்தா, "அய்யா, மத்த ஊரு ஆளுகளையும் கூட்டிக்கிட்டு வந்து காட்டுங்கய்யா, உங்க பேரு வெளிய தெரியவேண்டாமா"ம்பா. அவரு கூட்டிட்டு வந்தாரு. பக்கத்து ஊராட்சித் தலைவருக வந்தாங்க. அதிகாரிப் படிப்புப் படிக்கிற பிள்ளைக வந்துச்சுக. தொப்பி போட்ட காலேஜ் பிள்ளைக வந்துச்சுக. வைக்கோல் நெறத்துல முடி வச்ச ஒரு வெளிநாட்டம்மா வந்து எங்க குழாயைத் தடவிப் பாத்துட்டுப் போச்சு. ஒவ்வொரு தடவையும் விடியக்காலம் லாரி வந்துரும். இவ வாசல்ல பெரிய கோலமாப் போட்டு, வர்றவங்களுக்கெல்லாம் மோர் குடுத்து, "உங்க ஆபீசுல இருக்கவங்களையும் வரச் சொல்லுங்க"ன்னு வழியனுப்புவா. ஒரு வாரம் யாரும் வரலேன்னா இவளே யூனியன் ஆபீசுக்குப் போய், "என்னய்யா, எங்க ஊரை மறந்துட்டீங்களா"ன்னு நிப்பா. மானம் ரோசம் உள்ளவ செய்யுற காரியமா இது? நான் வாரம் தவறாம மனுவைத் தூக்கிக்கிட்டு ஒரு வழியில போறேன், இவ ஜால்ராவைத் தூக்கிக்கிட்டு இன்னொரு வழியில போறா.

"ஏண்டி, நாக்கூசாம எப்படிடி ஆகா ஓகோங்கிற"ன்னு சுவத்துக்கு மேல எட்டிக் கேட்டேன். "அண்டா நெறஞ்சுச்சாக்கா?"ன்னு கேட்டா. நான் என்ன கேக்கேன், இவ என்ன கேக்குறா பாரு. பேச்சுக்குப் பேச்சு ஒட்டவே ஒட்டாது அவகிட்ட.

அப்ப அவ மக மாரிக்கனி தலைப்பிரசவத்துக்கு ஆத்தா வீட்டுக்கு வந்திருந்தா. நெறமாசம். பரமக்குடிப் பக்கம் குடுத்த பிள்ளை. அங்க வீட்டுக்குள்ளயே குழாயி. மாமியாக்காரி அனுப்புறப்பவே, "உங்க ஊருல தண்ணி உண்டா?"ன்னு கேட்டுத்தான் அனுப்பியிருக்கா. இவளும் உண்டுன்னு சத்தியம் பண்ணிக் கூட்டிட்டு வந்திருக்கா.

அந்தச் சமயத்துல சென்னையில இருந்து ஒரு பெரிய அதிகாரியம்மா வர்றாங்கன்னு ஊரே அல்லோலப்பட்டுச்சு. முந்தின நாள் பஞ்சவர்ணம் என் கையைப் பிடிச்சுக்கிட்டா. "அக்கா, நாளைக்கு ஒரு வார்த்தை பேசிராதீங்க. பிள்ளை பெத்து அவளைக் குளிப்பாட்டி அனுப்புற வரைக்கும் பொறுத்துக்கங்க. அப்பறம் எப்படி வேணாலும் பேசுங்க"ன்னா. உண்மைக்கு என்ன தாயி, நல்ல நேரம் கெட்ட நேரம்? நான் பேசினேன். காருக்கு முன்னால போய் நின்னு, "அம்மா, இது லாரித் தண்ணி. நீங்க போனதும் நின்னுரும்"னு பட்டுன்னு போட்டு உடைச்சேன். பி.டி.ஓ. முகத்தை நீ பாத்திருக்கணும். சட்டை பூரா வேர்த்து ஊத்துது. லாரி இல்லாம அன்னைக்கு எங்க ஊருல தண்ணி வந்த ஒரே இடம் அவரு முதுகுதான்.

பெரிய அம்மா விசாரணைக்கு உத்தரவு போட்டாங்க. விசாரணைக்கு ஆள் வந்துச்சு. ஆளுக்கு முன்னால லாரி வந்துச்சு. குழாயைத் திருகினாங்க, கொட்டுச்சு, புகார் பொய்யின்னு எழுதிட்டுப் போயிட்டாங்க. நான் குடத்துல பிடிச்சுக்கிட்டு இருந்ததையும் சேத்துப் போட்டோ எடுத்தாங்க. புகார் சொன்னவளே பிடிக்கிறா பாருங்கன்னு. பின்ன வர்ற தண்ணியை விடவா முடியும்? இந்தப் படிச்ச மூதேவிகளுக்கு அது தெரிய வேண்டாமா?

அதோட பி.டி.ஓ. பயந்துட்டாரு. அந்தக் கெழவி இருக்கிற ஊருக்கு இனி யாரையும் கூட்டிட்டுப் போகாதீங்கன்னு சொல்லிட்டாராம். ஒருத்தரும் வரல. லாரியும் வரல. சித்திரை வெயிலு வேற. ஊத்து ஆழத்துக்குப் போயிருச்சு. குழிக்குள்ள எறங்குறவ தலை, மேல நிக்கிறவளுக்குத் தெரியாது. எல்லாம் அந்த ஆளு கோதண்டபாணியால வந்தது. பழி வாங்கிட்டான்.

மாரிக்கனியோட மாமியாக்காரி ஒரு நாள் காரை எடுத்துக்கிட்டு வந்து எறங்கினா. வீட்டைச் சுத்திப் பாத்தா. அண்டாவைத் திறந்து பாத்தா. "பிள்ளை பெத்தவளை எதுல குளிப்பாட்டுவீங்க, மணல்லயா?"ன்னு கேட்டா. மருமகளை எழுப்பிக் கூட்டிக்கிட்டுப் போயிட்டா. தெருவே பாக்குது. தலைப்பிரசவத்துக்கு வந்த மக, பெறாம வாசப்படி எறங்கிப் போறதுன்னா பெத்தவளுக்கு எப்படி இருக்கும்? பஞ்சவர்ணம் தொட்டில் கட்ட எடுத்து வச்ச பழைய சேலையை மடியில போட்டுக்கிட்டு உக்காந்திருந்தா. எனக்கும் பாவமாத்தான் இருந்துச்சு. என்ன இருந்தாலும் என் கொழுந்தன் பெண்டாட்டி. பக்கத்துல உக்காந்து ஆறுதலாத்தான் சொன்னேன். "பாத்தியாடி, வர்றவன் போறவன்கிட்டயெல்லாம் தண்ணி ஓடுதுன்னு பொய் சொன்னியே, இப்ப யாருக்கு வந்து விடிஞ்சுச்சு"ன்னு. அவ அந்தத் தொட்டில் சேலையை மடிச்சு வச்சா. எந்திரிச்சுப் போய் சேலையை மாத்திக்கிட்டு யூனியன் ஆபீசுக்குக் கெளம்பிட்டா.

நானும் பின்னாலயே மனுவைத் தூக்கிக்கிட்டுப் போய் அங்க வராந்தாவுல நின்னேன். எனக்குக் காது நல்லாக் கேக்கும். உள்ள போய் நாலு வார்த்தை நறுக்குன்னு கேப்பான்னு பாத்தா, அதே வெல்லக்கட்டி. "அய்யா, விசாரணை வச்சே எங்க ஊருத் தண்ணி நெசம்னு முடிவாயிருச்சு. இனிமே யாரு என்ன பேச முடியும்? முன்மாதிரி ஊராட்சிப் பரிசுக்கு எழுதிப் போடுங்கய்யா"ங்கிறா. அந்த மனுசன் மூடி வச்சிருந்த பேனாவைத் திறந்தாரு. நான் கதவிடுக்குல பாத்தேன். எனக்கு ஒரு நாள் திறக்காத பேனா.

எழுதிப் போட்டாரு. பரிசும் வந்துருச்சு. எங்க பள்ளிக்கூடத்துப் பொட்டல்ல பந்தல் போட்டு, மைக் கட்டி, கலெக்டர் கையால குடுத்தாங்க. லாரி வந்துச்சுன்னு நான் தனியாச் சொல்லவேண்டியதில்ல. ஒவ்வொருத்தனா எந்திரிச்சுப் பேசுறான். இந்த அதிகாரிகளுக்கு எல்லா மேடைக்கும் ஒரு பேச்சுத்தான். கல்யாண வீட்டுக்குப் போனா, சாப்பாட்டைப் பாத்தா இங்கயே தங்கிரலாம் போல இருக்கும்பான். பள்ளிக்கூடத்துக்குப் போனா, மறுபடி படிக்கலாம் போல இருக்கும்பான். கோதண்டபாணியும் அதே பாட்டைத்தான் பாடினாரு. "சிறுவண்டூருல இருக்கிற வசதியைப் பாத்தா, எனக்கே இங்க ஒரு வீடு பாத்துக் குடியேறிரலாம் போல இருக்கு"ன்னாரு. கைதட்டினாங்க. அவரும் கையைக் கூப்பிக்கிட்டு உக்காந்துட்டாரு.

நன்றி சொல்ல மகளிர் குழுத் தலைவியைக் கூப்பிட்டாங்க. பஞ்சவர்ணம் மைக்கைப் பிடிச்சா. "கலெக்டர் அய்யாவுக்கு வணக்கம். எங்க பி.டி.ஓ. அய்யா இதை ரொம்ப நாளாவே சொல்லிக்கிட்டு இருக்காரு. வர்ற ஆளுககிட்டயெல்லாம் சொல்லுவாரு. அவரு ஆசைப்பட்டுக் கேட்டு நாங்க எப்படி இல்லேங்கிறது? வீடு பாத்து வச்சிட்டோம். வெள்ளையும் அடிச்சாச்சு. சாவி இந்தா இருக்கு. கலெக்டர் அய்யா கையால அவருக்குக் குடுக்கணும்"னு சொல்லி, இடுப்புல இருந்து சாவியை எடுத்து நீட்டுறா.

கலெக்டர் சின்ன வயசு. புல்லரிச்சுப் போச்சு அவருக்கு. எந்திரிச்சு நின்னு, "அதிகாரிகள் மக்களோட மக்களா வாழணும், இது மத்த எல்லாருக்கும் முன்னுதாரணம், அடுத்த மாசமே குடிவருவாரு"ன்னு அறிவிச்சிட்டாரு. பேப்பர்காரங்க படம் பிடிக்கிறாங்க. கோதண்டபாணி வேப்பெண்ணெய் குடிச்ச பிள்ளை மாதிரி சிரிச்சுக்கிட்டே சாவியை வாங்குறாரு. எனக்குக் கேவலமாப் போச்சு. குடிக்கத் தண்ணி குடுக்காதவனை ஊருக்குள்ள கூட்டிட்டு வந்து குடிவைக்கிறாளே, இவளையெல்லாம் என்னன்னு சொல்றது.

அதுலயும் அவ புத்தியைப் பாரு. தொட்டிக்கு அடியிலயே, என் வீட்டுக்கு எதுத்தாப்புல, மாடி வீடு ஒண்ணு பூட்டிக் கெடக்கு. அதை விட்டுட்டுத் தெருக் கடைசியில அவ சித்தப்பா வீட்டைக் குடுத்திருக்கா. குழாய்த் தண்ணி எல்லா வீட்டுக்கும் போய் முக்கி முனகிக் கடைசியா எட்டிப்பாக்குற வீடு அது. "ஏண்டி கூறுகெட்டவளே, தலைமாட்டுல வீடு இருக்க, வால்ல கொண்டுபோய் வைக்கிறியே"ன்னேன். "அங்க காத்து நல்லா வரும்க்கா"ன்னா. சித்தப்பனுக்கு வாடகை வரணும்னு நெனப்பு, வேறென்ன.

அவரு பெண்டாட்டி பிள்ளைகளோட வந்து எறங்கினாரு. மறுநாள் காலையில அந்தம்மா குழாயைத் திருகுச்சு. புஸ்ஸுன்னு காத்து. லாரியை வரச் சொன்னாரு. லாரி வந்து தொட்டி நெறஞ்சுச்சு. ஆனா கடைசி வீட்டுக்குப் போறதுக்குள்ள தெரு பூரா குழாயைத் திறந்து வச்சுப் பிடிக்குது. "மூடுங்க, அய்யா வீட்டுக்குப் போகட்டும்"னு தங்கச்சாமி கத்திக்கிட்டே ஓடுறான். எவ மூடுவா? நானும் மூடல. லாரி மேல லாரி வருது, அந்த வீட்டுக் குழாயில மட்டும் காத்து. பஞ்சவர்ணம் தினம் ஊத்துல இருந்து ஒரு குடம் கொண்டுபோய் அந்தம்மாவுக்கு எறக்கி வைப்பா. ஒரு நாள், "வாங்கம்மா, நீங்களும் வந்து பாத்துக்கங்க, நான் வராத நாளைக்கு உதவும்"னு கூட்டிட்டே போயிட்டா. குழிக்குள்ள எறக்கிவிட்டு, கையில சிரட்டையைக் குடுத்திருக்கா. பி.டி.ஓ. பெண்டாட்டி கையில சிரட்டை. அது வரைக்கும் வீட்டுக்குள்ள குழாயைத் திருகியே பழகின பொம்பளை.

அன்னைக்குச் சாயங்காலம் நான் ஆட்டைத் தேடிக்கிட்டு அந்தப் பக்கம் போனேன். உள்ள அந்தம்மா குரல் மட்டுந்தான் கேட்டுச்சு. "உங்க பரிசை எடுத்துக் குழாய்க்கு அடியில வைங்க, அதுல சொட்டுதான்னு பாப்போம்"னுச்சு. அவரு சத்தமே வரல. பரிசீலனையில இருந்தாரு போல.

விடிஞ்சதும் ஜீப்பை எடுத்துக்கிட்டு அவரே விலக்குக்குப் போய், நின்னு, வால்வைத் திறக்க வச்சிட்டாரு. வெள்ளை வேட்டிக்காரர் பின்னாலயே வந்து குதிச்சாரு. "என்ன சார், சூளை வேலை நின்னுபோகும் தெரியுமில்ல?" அதுக்கு இவரு சொன்னாராம், "உங்க சூளையை அணைச்சு வைக்கலாம்ணே. என் வீட்டுல எரியுறதை யாரு அணைக்கிறது?" தங்கச்சாமிதான் வந்து சொல்லிச் சொல்லிச் சிரிச்சான்.

அதுல இருந்து தண்ணி தினமும் வருது. கடைசி வீட்டுக்குப் போற அளவுக்கு விடணும்னா எங்க வீடெல்லாம் நெறஞ்சுதானே ஆகணும். மாரிக்கனியை மாமியாக்காரியே பிள்ளையோட கொண்டுவந்து விட்டுட்டுப் போனா. பேரனைத் தொட்டியில உக்காரவச்சுக் குளிப்பாட்டுறா பஞ்சவர்ணம், காலு ரெண்டும் தண்ணியை அடிக்குது. ஊருல எல்லாரும் அவளைத்தான் கொண்டாடுறாங்க. எனக்குச் சிரிப்பு வருது. தண்ணி எப்படி வந்துச்சு? என் மனுவால வந்துச்சு. விடாம நான் குடுத்த மனு எங்கயோ மேல போய் உறைச்சிருக்கு, வந்துருச்சு. இவ செஞ்சது என்ன? மோர் குடுத்தா, சாவி குடுத்தா. இப்ப என் வீட்டுக் குழாயில வர்ற வேகத்துக்குக் குடம் நிக்காம கவுந்து விழுகுது. இன்னைக்கு மனு அதுக்குத்தான்.

போன வாரம் கோதண்டபாணிக்கு மாறுதல் வந்துருச்சு. சாமானை ஏத்திக்கிட்டுக் கெளம்புறாரு. ஊரே மாலையைத் தூக்கிக்கிட்டு நிக்குது, அந்தம்மாகூட அழுகுது. பஞ்சவர்ணத்தை மட்டும் காணோம். எங்கன்னு பாத்தா, அந்த வீட்டு வாசச் சுவத்துக்கிட்ட சுண்ணாம்புச் சட்டியும் மட்டையுமா நிக்கிறா. அவரு குடிவந்தப்ப அந்தச் சுவத்துல பெருசா எழுத வச்சிருந்தா, "கோதண்டபாணி, வட்டார வளர்ச்சி அலுவலர் இல்லம்"னு. ஆள்தான் போறாரே, அழிக்கிறா, அழிக்கட்டும்னு பாத்துக்கிட்டு நின்னேன். தாயி, ஒரு வேலையை எடுத்தா முழுசாச் செய்யணும்ல? எதையும் அரைகுறையாச் செஞ்சே பழகினவ அவ. கோதண்டபாணிங்கிற பேரு மேல மட்டும் சுண்ணாம்பை இழுத்துவிட்டா. மிச்சத்தை அப்படியே விட்டுட்டு, வீட்டைப் பூட்டி, சாவியை இடுப்புல சொருகிக்கிட்டு, புது பி.டி.ஓ. எந்த பஸ்ஸுல வர்றாருன்னு விசாரிக்கப் போயிட்டா.